பள்ளித் தலைமை நல்ல கற்பித்தலை எப்படி வளர்க்கிறது? ஜப்பானின் ‘பாட ஆய்வு’

ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, தலைமையாசிரியர் உட்பட மற்றவர்கள் வகுப்பிலேயே நின்று கவனித்து, பிறகு உட்கார்ந்து பேசுவதுதான் ஜப்பானின் பாட ஆய்வு. மெய்ஜி காலத்தில் (1868–1912) தொடங்கிய பழக்கம் இது. தலைமையின் முக்கியப் பங்கு இதற்கு நேரம் ஒதுக்கித் தருவது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய உதவி.

கவனிப்பவர்களின் கண் பிள்ளைகள் மேல்தான். 13-லிருந்து 9-ஐக் கழிக்கும் குழந்தை விரலை மடக்குகிறதா, 10-லிருந்து 9-ஐ எடுத்து, மீந்த 1-ஐ 3-உடன் சேர்க்கிறதா என்று குறித்துக்கொள்வார்கள். பாடம் நடத்திக்கொண்டே ஒருவரால் எல்லா நோட்டுகளையும் பார்க்க முடியாது. பல கண்கள் வேண்டியிருப்பது அதனால்தான். தோசைக்குச் செய்முறை எழுதிக் கொடுக்கலாம். கல் காய்ந்த பதம் அடுப்பருகே நின்றால்தான் பிடிபடும்.

இதை ஆசிரியருக்கு மதிப்பெண் போடும் சோதனை என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே அலசப்படுவது எல்லோரும் சேர்ந்து போட்ட பாடத்திட்டம், நடத்திய ஆசிரியர் அல்ல.