தண்ணீர் வந்த பிறகு

அன்புள்ள ஐயா,

வேளாண் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஊர் சிவகங்கைப் பக்கம். நீர்வடிப்பகுதி (மழைநீர் ஒரே ஓடைக்கோ கண்மாய்க்கோ வடிந்து சேரும் நிலப்பரப்பு) மேம்பாட்டில் வேலைக்குப் போக ஆசை. "கண்மாய் வெட்டவா நாலு வருஷம் படிக்க வச்சோம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இதை வாழ்நாள் தொழிலாகக் கொள்ள முடியுமா? அங்கே எனக்கு என்ன வேலை இருக்கும்?

ம.

அன்புள்ள ம.,

முடியும். சம்பள விஷயத்தை முதலில் பேசிவிடலாம். வேளாண் பொறியியல் துறையில் தேர்வு எழுதிப் போனால் நிரந்தரப் பணி. திட்டங்கள் வழியாக வரும் வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கான மத்திய அரசின் 2008 பொது வழிகாட்டு நெறிகள் ஒரு திட்டத்துக்கு 4 முதல் 7 ஆண்டுகள் வரை வகுத்தன. அது முடிந்ததும் வேறு ஊர் பார்க்க வேண்டும். இதை வீட்டில் மறைக்காதீர்கள்.

அப்புறம், என்ன வேலை என்று கேட்டீர்கள். வேலையை மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு வர வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மேட்டில் வரப்பும் அகழியும் புல்லும் இல்லாமல் கீழே தடுப்பணை கட்டினால், சில மழையிலேயே மண் மேவிவிடும். ஆனால் தடுப்பணையை முதலில் கேட்பவர்கள் பள்ளத்தில் நல்ல நிலம் வைத்திருப்பவர்கள்; கூட்டத்தில் அவர்கள் குரல்தான் ஓங்கியிருக்கும். மேடு பெரும்பாலும் ஆடு மேய்ப்பவர்கள் நம்பியிருக்கும் புறம்போக்கு. புல் வளர வேண்டுமென்றால் அங்கே மேய்ச்சலை நிறுத்தி வைக்க வேண்டும். அதுவரை ஆடுகள் எங்கே போகும்? இதற்கு ஒரு வழி கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வருட வேலை. நிலமட்டம் அளக்கும் லெவல் கருவி அதற்குப் பிறகு.

தண்ணீர் வந்த பிறகு இன்னும் கஷ்டம். மகாராஷ்டிரத்தில், அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்து ஹிவரே பஜார் மழை குறைந்த ஊர். 1989இல் போபட்ராவ் பவார் ஊர்த்தலைவரானார். குன்றுகளில் அகழி வெட்டினார்கள், மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். அதோடு விட்டிருந்தால் ஊறிய தண்ணீரை நாலு பேருடைய போர்வெல் குடித்துத் தீர்த்திருக்கும். அவர்கள் பாசனத்துக்குப் போர்வெல் போடுவதையும் கரும்பு நடுவதையும் தடுத்தார்கள். ஒவ்வொரு வருடமும் பெய்த மழையை அளந்து, கிணறுகளின் நீர்மட்டம் பார்த்து, என்ன பயிர் வைக்கலாம் என்று ஊர் கூடித்தான் முடிவு செய்கிறார்கள். எனக்கு அந்த ஊரின் அகழிகளைவிட அந்தக் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது. அந்தக் கணக்கை எழுதவும், எழுதியதை ஊருக்குப் புரியும்படி சொல்லவும் படித்த ஆள் வேண்டும். உங்கள் நாலு வருஷப் படிப்புக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் அப்படியே சொல்லுங்கள்.

பட்டம் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஐப்பசி மழைக்கு ஊருக்குப் போங்கள். கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டுப் பாய்ச்சும் நீர்க்கட்டி யாராவது இன்னும் இருந்தால் அவரோடு, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் மேலே மேலே நடங்கள். எங்கே கருவேலம் அடைத்திருக்கிறது, மேல் கண்மாயின் கலுங்கு (நிரம்பிய நீர் வழிந்தோடும் இடம்) எத்தனை நாள் பாய்ந்தால் உங்கள் கண்மாய் பெருகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு மழைமானி, ஒரு நாடா, ஒரு நோட்டு போதும். பத்துக் கிணறுகளை வாரம் ஒருமுறை அளந்து வாருங்கள்; நீங்கள் கல்லூரியில் இருக்கும் வாரங்களில் அளக்க ஊரில் ஒரு பள்ளிப் பிள்ளையைப் பழக்கிவிடுங்கள். சித்திரையில் அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.