ஜிபிஎஸ் (கில்லன் பாரே, நரம்ப பாதிச்சு கைகால தளர வைக்குற நோய்) வந்த பிள்ளைக்கு எக்சர்சைஸ் எவ்வளவு குடுக்கலாம்?

ஆஸ்பத்திரில இருந்து வந்தாச்சு, ஏழு வயசு பையன் இன்னும் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கான், நிறைய நடக்க வச்சா சீக்கிரம் சரியாவுமான்னு கேட்டிருக்கியக்கா. அப்படி போட்டு விரட்டாதீங்க, இதுல உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்பு மேல மூடியிருக்க உறையத்தான் தாக்கிருது, அது திரும்ப வர மாசக்கணக்காவும், உறைக்கு உள்ள இருக்க நரம்பு இழையும் அடிபட்டிருந்தா நாளைக்கு சுமாரா 1 மில்லிமீட்டர்தான் வளரும், அதான் தூரமா இருக்க பாதம் தேற அவ்வளவு லேட்டாவுது. பிள்ளைங்க பெரும்பாலும் நல்லா தேறிருவாங்க. கொஞ்சமா, நடுவுல ரெஸ்ட் விட்டு செய்யட்டும், மறுநாளும் அசந்தே கிடந்தான்னா முந்தின நாள் அளவு ஜாஸ்தி. பாதம் தொங்கிக்கிட்டே இருந்தா குதிகால் பக்கம் இறுகிரும், அதுக்குத்தான் பாதத்த நேரா பிடிச்சு வைக்குற ஸ்பிளிண்ட், அத மட்டும் விட்றாதீங்க. கால் எரியுது குத்துதுன்னு ராத்திரி அழுதா நடிப்புன்னு திட்டாதீங்க, நரம்பு வலி நிஜம், அதுக்கு மருந்து இருக்கு. பிசியோவுக்கு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிலயே (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) கேளுங்க. மூச்சு திணறுனாலோ முழுங்க முடியலன்னாலோ தேறுன கைகால் திரும்ப தளந்தாலோ உடனே தூக்கிட்டு ஓடுங்க.