கெட்டது ஜின் இல்லை, வெர்மூத்

கேள்வி: வீட்டில் மார்ட்டினி (ஜின்னும் டிரை வெர்மூத்தும் சேர்ந்த காக்டெய்ல்) கலந்தால் சப்பென்று, லேசான புளித்த வாடையோடு இருக்கிறது. ஜின்னை இரண்டு முறை மாற்றிவிட்டேன். கடைக்காரர் இன்னும் விலை கூடிய ஜின்னை வாங்கச் சொல்கிறார். வெர்மூத் மட்டும் போன வருடம் திறந்த அதே பாட்டில்தான், அலமாரியில் இருக்கிறது.

பதில்: ஜின்னை விட்டுவிடுங்கள். கோளாறு உங்கள் கடைசி வரியில் இருக்கிறது.

வெர்மூத் என்பது ஒயின். மூலிகைகளின் மணம் ஏற்றி, கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து வலுவேற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் 15 முதல் 18 சதவீதம் ஆல்கஹால். ஜின் 40 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் மூடிவைத்தால் வருடக்கணக்கில் தாங்கும். வெர்மூத் தாங்காது, திறந்த நாளிலிருந்தே காற்று பட்டுக் கெடத் தொடங்கும். ஒரு சின்ன கிளாஸில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்து பாருங்கள். நல்ல டிரை வெர்மூத், அதாவது இனிப்பு குறைந்த வகை, வெளிர் வைக்கோல் நிறத்தில், பூவும் பச்சிலையும் கலந்த மணத்தோடு இருக்கும். உங்களுடையது பழுப்பேறி, நறுக்கி வைத்து மறந்துபோன ஆப்பிள் போல வாடை அடிக்கும்.

இதை வாங்குகிறவரிடம் யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 'திறந்தபின் ஃப்ரிட்ஜில் வை' என்ற ஒரு வரியை லேபிளில் கண்ணில் படும்படி போட என்ன செலவாகிவிடும்? கடையிலும் விஸ்கியோடு சேர்த்து, விளக்கு வெளிச்சத்தில் அடுக்கி வைக்கிறார்கள். குறை சொல்லிப் போனால் விலை கூடிய ஜின்னைக் கையில் கொடுக்கிறார்கள். லாபம் அதில்தானே! இன்னொன்று, மார்ட்டினி என்ற பெயரிலேயே ஒரு வெர்மூத் பிராண்டும் இருக்கிறது. பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் இனிப்பான சிவப்பு பாட்டில் வந்து சேரலாம். 'டிரை' என்று கேளுங்கள், லேபிளையும் படியுங்கள்.

சிறிய பாட்டிலாக வாங்கி, திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, இறுக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு மாதம் நன்றாக இருக்கும், இரண்டு மாதம் வரை சமாளிக்கலாம்.

சிவப்பு வெர்மூத்தில் சர்க்கரை அதிகம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். நெக்ரோனி என்ற காக்டெய்லில் ஜின், கம்பாரி என்ற கசப்பு மது, சிவப்பு வெர்மூத் மூன்றும் சம அளவு. கம்பாரியின் கசப்பு சின்னச் சின்னக் குறைகளை மறைத்துவிடும். அதனால்தான் அதே அலமாரியில் இருந்த சிவப்பு பாட்டிலில் நெக்ரோனி நன்றாக வந்தது என்று பலர் வாதாடுகிறார்கள். நெக்ரோனியில் ஓரளவு தப்பிக்கலாம், சரி. மார்ட்டினியில் மறைக்க ஒன்றுமே கிடையாது. சிவப்பும் கெடும், சற்று மெதுவாக. அதுவும் ஃப்ரிட்ஜுக்குள்தான் போகவேண்டும்.

அப்புறம், அளவு. ஜின் 60 மி.லி., டிரை வெர்மூத் 15 மி.லி. வெர்மூத்தைச் சொட்டாகக் குறைக்கச் சொல்கிறவர்கள் பலரும் கெட்டுப்போன வெர்மூத்தைக் குடித்துப் பயந்தவர்கள் என்பது என் எண்ணம். பெரிய ஐஸ் கட்டிகளோடு அரை நிமிடம் கரண்டியால் கலக்குங்கள், குலுக்க வேண்டாம். குளிரவைத்த கிளாஸில் வடித்து, எலுமிச்சைத் தோலை மேலே பிழியுங்கள். தோலின் எண்ணெய் பனித்துளி போலப் பரவுவது தெரியும்.

பழைய பாட்டிலைக் கொட்ட மனமில்லை என்றால், வினிகர் நெடி ஏறாதவரை சமையலில் சேர்க்கலாம். கிளாஸில் ஊற்றாதீர்கள்.