சபையில் பொறாமையால் கட்சி பிரிந்துவிட்டால் எப்படி மீள்வது?

"பொறாமையால் எங்கள் சபை இரண்டு கட்சியாகிவிட்டது, ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம்கூடச் சொல்வதில்லை, என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரோட்டுப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் 14 வருடமாகப் பாடகர் குழுவில் இருக்கிறேன். எங்கள் சபையிலும் இதே கதைதான், அதற்கு நானும் ஒரு காரணம்.

திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சர் எங்கள் குழுவில் சேர்ந்தார். நல்ல குரல். புனித வெள்ளி ஆராதனையில் வருடா வருடம் நான் தனியாகப் பாடும் பாட்டை அந்த வருடம் அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் யாரிடமும் சண்டை போடவில்லை. ஆனால் வீட்டு ஜெபக்கூட்டத்தில், "அந்தச் சகோதரிக்குத் தாழ்மை வேணும்னு ஜெபிச்சுக்குங்க" என்று ஆரம்பித்தேன். ஜெபக்குறிப்பு என்று சொல்லி நான் பேசியது புறணிதான். ஆறே மாதத்தில் அது உள்ளூர்க்காரர்கள், தெக்கத்திக்காரர்கள் என்று வளர்ந்து, கமிட்டித் தேர்தலில் இரண்டு அணியாக வந்து நின்றது.

அப்புறம் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்து பந்தலில் ஏலம். மஞ்சள், வாழைத்தார், தேங்காய், நாட்டுக்கோழி எல்லாம் வரும். காணிக்கைதானே என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட எங்கோ ஏற்றிக் கேட்பார்கள். டீச்சர் வாடகை வீட்டுக் கொல்லையில் தானே போட்ட பூசணிக்காய் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் பக்கம் யாரும் வாயைத் திறக்கவில்லை, அவர் பக்கத்துக்காரர்கள் பாதிப் பேர் முன்னாலேயே கிளம்பியிருந்தார்கள். "கேளுங்க, யாராச்சும் கேளுங்க" என்று ஏலம் விடுகிறவர் மூன்று தடவை சொன்னார். கடைசியில் கோயில் பெருக்குகிற அண்ணன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு அறுபது ரூபாய்க்கு எடுத்தார். அவ்வளவு நேரமும் டீச்சர் முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றிருந்தார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிறாரே, அது நமக்கு ஒரு சகோதரர்மேல் குறை இருந்தால் என்று அல்ல, அந்தச் சகோதரருக்கு நம்மேல் குறை இருந்தால் என்றுதான் இருக்கிறது. எத்தனையோ தடவை வாசித்தும் அதைக் கவனிக்காமலே விட்டிருக்கிறேன்.

அந்த வாரமே டீச்சர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். "உங்க மேல பொறாமைப்பட்டு நாலு பேர்கிட்டப் பேசிட்டனுங்க, மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "நானும் உங்களப் பத்திப் பேசியிருக்கேன்க்கா" என்று சொல்லி அழுதார்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: ஆயரிடம் போவதற்கு முன், ஐக்கியத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்பதற்கும் முன், நீங்களே போங்கள். துணைக்கு ஆள் கூட்டிப் போனால் பஞ்சாயத்து ஆகிவிடும். "நீங்களும்தான் அப்படிப் பண்ணுனீங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பணக் கணக்கில் தகராறு என்றால் அது வேறு. அதைப் பொறாமை என்று சொல்லி மூடக் கூடாது, கமிட்டியில் வெளிப்படையாகக் கணக்குக் கேட்கத்தான் வேண்டும்.

உடனே எல்லாம் சரியாகிவிடாது. தனித்தனி மிஷன்களாகக் கிடந்த சபைகள் சேர்வதற்கு 1919-இல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்து, 1947-இல்தான் சிஎஸ்ஐ உருவானது. அதற்காகப் பாடுபட்ட அசரியா பேராயர் அதைப் பார்க்காமலே 1945-இல் இறந்துபோனார்.

எங்கள் சபையில் டீச்சரும் நானும் இப்போது ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடுகிறோம். ஆனால் என் பேச்சைக் கேட்டுக் கட்சி சேர்ந்த இரண்டு குடும்பங்கள் இன்னும் அவரிடம் முகம் கொடுப்பதில்லை, நான் மாறிவிட்டேன் என்று என்னிடமும் கோபம். ஒரு வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். இன்னொரு வீட்டுக்கு இந்தத் திருவிருந்து ஞாயிறுக்குள் போக வேண்டும்.