உள்ளதை உள்ளதென்று: வாசகர் கேள்வி பதில்

அன்றாட வாழ்க்கையில் வரும் பொய்களைப் பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழ். தராசு, பத்திரம், சான்றிதழ் என்று கைக்காசும் கையெழுத்தும் சேர்ந்த கேள்விகளுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம். வசனங்கள் சபைகளில் வாசிக்கும் பழைய திருப்புதலிலிருந்து.

கேள்வி: "பொய் சொல்லாதே" என்று பத்துக் கட்டளைகளில் எங்கும் இல்லையே? "பொய்ச்சாட்சி" என்றுதானே இருக்கிறது? அது கோர்ட்டுக்கு மட்டும் பொருந்துமா?
(கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

கட்டளையின் வாசகம் நீங்கள் சொல்வதுபோலத்தான். "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" (யாத். 20:16). ஊர் வாசலில் மூப்பர்கள் உட்கார்ந்து வழக்குக் கேட்ட காலம் அது. இரண்டு சாட்சிகள் வாய் திறந்தால் ஒருவன் உயிர் போகும். அதனால்தான், பொய்ச்சாட்சிக்காரன் மற்றவனுக்கு என்ன செய்ய நினைத்தானோ அதையே அவனுக்குச் செய்யும்படி உபாகமம் 19 சொல்கிறது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு வெளியே நழுவ முடியாது. லேவியராகமம் 19:11 கோர்ட்டைப் பற்றிப் பேசவே இல்லை: "ஒருவருக்கொருவர் பொய்சொல்லாமலும் இருங்கள்." ஒரு சின்ன விஷயம்: சி.எஸ்.ஐ. சபையில் இது ஒன்பதாம் கட்டளை. லுத்தரன்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் எட்டாவது. எண்ணும் முறைதான் வேறு. உங்கள் நண்பர் "எட்டு" என்றால் சண்டைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். இனிப்புக் கடை வைத்திருக்கிறேன். பெட்டியோடு சேர்த்து எடை போடுவது எங்கள் பக்கத்தில் எல்லாக் கடையிலும் உண்டு. இதுவும் களவுதானா? இத்தனை நாள் போட்டதற்கு என்ன செய்வது?
(கடைக்காரர், தூத்துக்குடி மாவட்டம்)

உங்கள் கடைக் காலிப் பெட்டியைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ அட்டைப்பெட்டி 70 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனிப்பு கிலோ 480 ரூபாய் என்றால் அந்த அட்டையை 33 ரூபாய் 60 காசுக்கு விற்கிறீர்கள். நாளைக்கு 30 பெட்டி போனால் 1,008 ரூபாய். வருஷத்தில் 300 நாள் கடை திறந்தால் 3,02,400 ரூபாய். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" (நீதி. 11:1) என்ற வசனத்துக்கு நம் காலத்துத் தராசு பொருந்தாது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் தராசு முத்திரை போட்ட நல்ல தராசாகவே இருக்கும். தராசு பொய் சொல்லவில்லை, அதன்மேல் வைக்கிற கைதான் சொல்கிறது.

இந்த வழக்கத்தை நிறுத்துவது சுலபம். காலிப் பெட்டியை வைத்து டேர் பட்டனை அழுத்தி, எண் பூஜ்யத்துக்கு வந்தபிறகு இனிப்பை அடுக்குங்கள். திரை வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கட்டும். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை புதுப்பிக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டை விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏற்றி எழுதிப் போடுங்கள். எழுதிப் போட்ட விலையில் பொய் இல்லை.

இனி பழைய கணக்கு. பலரும் ஜெபம்பண்ணி இந்த இடத்தைத் தாண்டிவிடுவார்கள். மோசேயின் சட்டம் தாண்ட விடுவதில்லை: அறிக்கையிட வேண்டும், முதலைத் திருப்ப வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் (எண். 5:7). ஒரு வருஷத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் 3,02,400-உடன் 60,480 சேர்த்து 3,62,880. கல்யாண ஆர்டர் நோட்டில் பெயர் இருக்கிறவர்களுக்கு நேரே போய்க் கொடுங்கள். சங்கடம்தான், ஆனால் யாரை ஏமாற்றினோமோ அவரிடம்தான் கடன். முகம் தெரியாதவர்களின் பங்கு ஏழைகளுக்குப் போகட்டும். மொத்தமாக முடியாவிட்டால் மாதத் தவணையாக எழுதிவைத்துக் கொடுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அந்தப் பணத்தை ஸ்தோத்திரக் காணிக்கையாகப் போட்டு, ஆராதனையில் பெயர் வாசிக்கவைப்பது.

கேள்வி: மனையை 40 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். வழிகாட்டி மதிப்பு 22 லட்சம்தான். பத்திரத்தில் 22 போடலாம், மீதியை ரொக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார் விற்கிறவர். அவரும் சபைக்காரர்தான். ஊர் வழக்கம்தானே, இதில் பாவம் என்ன?
(வாசகி, பாளையங்கோட்டை)

சகோதரி, அப்போஸ்தலர் ஐந்தாம் அதிகாரத்தைத் திறங்கள். நிலத்தை விற்ற அனனியாவின் மனைவி சப்பீராளிடம் பேதுரு முதலில் கேட்ட கேள்வி: "நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள்?" அவள் பதில்: "ஆம், இவ்வளவுக்குத்தான்." சார்பதிவாளர் மேசைக்கு முன்னால் நடப்பது ஏறக்குறைய இதுதான். அனனியா முழுப் பணத்தையும் அப்போஸ்தலரிடம் கொடுக்கவில்லை என்பதற்காக விழுந்து சாகவில்லை. விற்றபின்பும் கிரயம் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுருவே சொல்கிறார். ஒரு பங்கைக் கொண்டுவந்து முழுசு என்று காட்டியதுதான் குற்றம்.

இப்போது பணத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். 40 லட்சத்துக்கு 3,60,000. 22 லட்சத்துக்கு 1,98,000. நீங்கள் மிச்சம் பிடிப்பது 1,62,000. வழிகாட்டி மதிப்பு அரசு ஏற்கும் கீழ்வரம்பு. அதற்குமேல் விலை பேசியிருந்தால் பேசிய விலையைத்தான் எழுத வேண்டும், இந்திய முத்திரைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது.

அந்த 1,62,000 எங்கே போகிறது என்றும் பாருங்கள். சில வருஷம் கழித்து அதே மனையை 50 லட்சத்துக்கு விற்கிறீர்கள். நீங்கள் வாங்கிய விலை பத்திரப்படி 22 லட்சம். லாபம் 28 லட்சம் என்று காட்டும், 12.5 சதவீத வரி 3,50,000. உண்மையை எழுதியிருந்தால் லாபம் பத்து லட்சம், வரி 1,25,000. வித்தியாசம் 2,25,000, பிடித்த மிச்சத்தைவிட 63,000 அதிகமாகப் போகிறது. போகக்கூடாது என்றால் நீங்களும் அடுத்து வாங்குகிறவரிடம் "பத்திரத்தில் குறைத்துப் போடுங்கள்" என்று கேட்க வேண்டிவரும். ஒரு பொய் அடுத்த பொய்யை அழைத்துவரும் வழி இதுதான். வில்லங்கம் வந்து கிரயம் ரத்தானால் நீதிமன்றத்தில் நீங்கள் காட்ட முடிவது 22 லட்சம். ரொக்கமாகக் கொடுத்த 18 லட்சத்துக்கு ஒரு துண்டுச்சீட்டும் இருக்காது. வங்கியும் பத்திரத் தொகையைப் பார்த்துத்தான் கடன் தரும். விற்கிறவருக்கும் ஆபத்து உண்டு: சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு.

விற்கிறவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? "முழுத்தொகையும் வங்கி வழியாகத்தான் தருவேன்" என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சொல்லுங்கள். அட்வான்ஸ் கைமாறியபிறகு சொன்னால் சண்டை. இந்த மனை கைவிட்டுப் போகலாம், அதற்கு நாங்கள் ஆறுதல் வார்த்தை எதுவும் வைத்திருக்கவில்லை.

ஏற்கெனவே இப்படி விற்றுவிட்டு மனசாட்சி குத்துகிறவர்கள், வரிக்கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்ய நான்கு வருஷம்வரை வழி உண்டு. ஆடிட்டரிடம் கேளுங்கள். வரியோடும் வட்டியோடும் கூடுதலாக 25 சதவீதத்தில் தொடங்கி, தாமதத்தைப் பொறுத்து 70 வரை போகும். மோசே ஐந்தில் ஒன்றுதான் கேட்டார், வருமான வரித்துறை எடுத்த எடுப்பில் நாலில் ஒன்று கேட்கிறது.

கேள்வி: நாங்கள் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். தாத்தா காலத்திலிருந்து சாதிச் சான்றிதழில் "இந்து" என்றே இருக்கிறது. மகளுக்கும் அப்படியே வாங்கவா? எங்கள் போதகர் பதில் சொல்லாமல் மழுப்புகிறார்.
(வாசகர், விழுப்புரம்)

போதகர் மழுப்புவதற்குக் காரணம் உண்டு. இது உங்கள் வீட்டுப் பொய் மட்டும் இல்லை. 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த குடியரசுத்தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே. மதம் மாறியதும் சாதி போய்விடுகிறது என்பது அந்த ஆணையின் கணக்கு. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை வைத்திருக்கும் சபைகளுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய பொய் என்று. ஆகவே உங்களை நோக்கிக் கல்லெடுக்கும் தகுதி சபைக்கு இல்லை.

ஆனாலும் கேட்டதற்குப் பதில்: வேண்டாம். 2024 நவம்பரில், புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. ஞானஸ்நானம் பெற்று, ஆலயத்துக்கும் போய்க்கொண்டு, சலுகைக்காக மட்டும் இந்து என்று உரிமை கோருவது அரசியலமைப்பின்மேல் செய்யும் மோசடி என்று. இப்படிப்பட்ட வழக்குகளில் ஆதாரமாக எடுப்பது ஞானஸ்நானப் பதிவேட்டையும் ஆலயத் திருமணப் பதிவையும்தான். சான்றிதழ் ரத்தானால் வேலையும் சேர்ந்து போகும், அதுவும் பதினைந்து வருஷம் கழித்துப் போகலாம். மகள் தலையில் அந்தக் கத்தியைத் தொங்கவிடாதீர்கள்.

செய்யக்கூடியது: தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அந்தச் சான்றிதழை வாங்குங்கள். ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைகளில் "கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்" என்று தனியாகவே இடமுண்டு. கல்லூரி அலுவலகம் சொல்லாமல் விட்டாலும் நீங்கள் கேளுங்கள். இழப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டோம். அந்த இழப்பைச் சத்தமாகச் சொல்லும் இடமும் இருக்கிறது: தமிழக சட்டமன்றம் 2023 ஏப்ரலில் இந்த ஆணையைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது, சபைகள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன. உங்கள் சபையில் அன்று என்ன நடக்கிறது என்று போதகரைக் கேளுங்கள். அதற்கு மழுப்ப வழியில்லை.

கேள்வி: கடன்காரர் போன் செய்தால் "அப்பா வீட்ல இல்லன்னு சொல்லு" என்று பிள்ளையிடம் சொல்கிறார் என் கணவர்.
(வாசகி, மார்த்தாண்டம்)

"அப்பா இப்போ பேச முடியாது, சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்களே கூப்பிடுவாங்க." பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். பிறகு ஆறு மணிக்குக் கூப்பிட வேண்டும், கூப்பிடாவிட்டால் இதுவும் பொய்தான். தொகை இல்லை என்றால் "இந்த மாசம் ரெண்டாயிரம்தான் முடியும், பத்தாம் தேதி தர்றேன்" என்று தேதியோடு சொல்லட்டும். கடன்காரர் காட்டும் கோபத்தைவிடப் பிள்ளை கற்றுக்கொள்ளும் பாடம் நீண்டநாள் இருக்கும்.

கேள்வி: எரிகோவில் இஸ்ரவேலின் வேவுகாரரை ஒளித்துவைத்து ராகாப் பொய் சொன்னாள். எகிப்தில் எபிரெய மருத்துவச்சிகள் ஆண் குழந்தைகளைக் காப்பாற்றப் பார்வோனிடம் பொய் சொன்னார்கள். தேவன் ஆசீர்வதித்தாரே?
(வேதபாட ஆசிரியர், திருச்சி)

இந்தச் சண்டைக்கு ஆயிரத்து அறுநூறு வயது. எந்தப் பொய்யும் ஆகாது என்றவர் வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின். தேவன் மெச்சியது ராகாபின் இரக்கத்தை, அவள் பொய்யை அல்ல என்பது அவர் வாதம். எபிரெயர் 11:31-உம் அவள் வேவுகாரரை ஏற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறது. அகஸ்டின் காட்டும் உதாரணம் தகஸ்தே ஊர் ஆயர் பிர்முஸ். அந்தப் பெயருக்கே லத்தீனில் உறுதியானவர் என்று பொருள். தன்னிடம் அடைக்கலம் வந்தவனைத் தேடிப் பேரரசனின் ஆட்கள் வந்தபோது, "பொய்யும் சொல்ல மாட்டேன், காட்டியும் கொடுக்க மாட்டேன்" என்றார். சித்திரவதையிலும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பேரரசன் முன்னால் நின்று அந்த மனிதனுக்கே மன்னிப்பு வாங்கிவிட்டார்.

மறுபக்கம் நிற்பவர் நாசிகளால் 1945-இல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர். ஓர் ஆசிரியர் வகுப்பு முழுவதும் கேட்க, "உன் அப்பா குடித்துவிட்டு வருவாராமே?" என்று ஒரு பையனிடம் கேட்கிறார். பையன் இல்லை என்கிறான். அது பொய்தான். ஆனால் கேட்கக்கூடாததைக் கேட்ட ஆசிரியர்மேல்தான் அந்தக் குற்றம் என்றார் அவர். எங்களுக்கு இரண்டாவது பக்கமே நியாயமாகப் படுகிறது. ஆனால் அது அடுத்தவர் உயிருக்கும் மானத்துக்கும் ஆபத்து வரும்போது மட்டும். நடைமுறையில் ராகாபைத் துணைக்குக் கூப்பிடுகிறவர்கள் பலர் வேவுகாரரை ஒளித்துவைத்தவர்கள் அல்ல, ஜிஎஸ்டி பில்லை ஒளித்துவைத்தவர்கள்.

கேள்வி: சாட்சி நேரத்தில் ஒரு சகோதரி "சர்க்கரை வியாதி அடியோடு போய்விட்டது" என்கிறார். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார் என்பது எனக்குத் தெரியும். விசுவாசத்தில் சொல்வதைத் தடுக்கலாமா?
(சபை மூப்பர், ஈரோடு)

"நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசி, அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவேண்டுமோ?" என்று யோபு தன் நண்பர்களைக் கேட்டார் (யோபு 13:7). கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போய் இன்சுலினை நிறுத்தினால் என்ன ஆகும்? முதல் வகைச் சர்க்கரை உள்ளவருக்குச் சில நாளிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும். முதலில் அந்தச் சகோதரியிடம் தனியாகப் பேசுங்கள். "மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 11 இருந்தது, இப்போது 7.5, ஊசியும் போடுகிறேன், ஜெபமும் செய்கிறேன்" என்று எண்ணோடு சொல்வதில் எந்த விசுவாசமும் குறைவதில்லை. அடுத்த ஞாயிறு அதே மைக்கில், அதே சபைக்கு முன்னால் அவரே திருத்திச் சொல்லட்டும். இனி சுகம் பற்றிச் சாட்சி சொல்ல எழும்புகிறவர்களிடம், மைக்கைக் கொடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: மாத்திரையை நிறுத்தச் சொன்னது டாக்டரா, நீங்களா?