அப்பாவின் கையில் சென்சார், மகனின் கைபேசியில் அலாரம்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. மேலூர் அருகே விவசாயம் செய்கிறார். 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறார். நான் கோவையில் இருப்பதால், அவருடைய இடது கையில் சர்க்கரையை அளக்கும் சென்சார் ஒட்டி, அளவுகள் என் கைபேசிக்கு வருமாறு செய்தோம். ஒருநாள் அதிகாலை 3 மணிக்கு 61 என்று அலாரம் அடித்தது. பதறிப்போய் அம்மாவை எழுப்பி, விரலில் குத்திப் பார்க்கச் சொன்னேன், 98 காட்டியது. சில நாள் கழித்து மறுபடியும் அதே கதை. பகலில் 200ஐத் தாண்டினால் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பேன். வேவு பார்க்கிறேன் என்று கோபித்துக்கொண்டு அப்பா அதைக் கழற்றிவிட்டார். இந்தக் கருவியை நம்பலாமா?

பதில்: அப்பா இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பவரா? பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். சென்சார் ரத்தத்தைத் தொடுவதில்லை. தோலுக்கு அடியில், திசுக்களுக்கு இடையே இருக்கும் நீரில் சர்க்கரையை அளக்கிறது. உடலின் பாரம் அதன்மேல் அழுந்தினால் அளவு பொய்யாக இறங்கும், புரண்டு படுத்ததும் ஏறிவிடும். ரத்தத்தில் நேரும் மாற்றம் சென்சாரில் தெரிய 5 முதல் 15 நிமிடம் வரை ஆகலாம். ஒட்டிய முதல் நாள் கணக்கும் கொஞ்சம் தடுமாறும்.

ஆனாலும் நீங்கள் அம்மாவை எழுப்பியது சரி. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது; கிளிமெபிரைடு அப்படியல்ல, இறக்கிவிடும். விரலில் குத்தியும் 70க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

என்னிடம் வரும் ஓர் அம்மா திருமங்கலம் பக்கம் மல்லிகை பறிப்பவர். மொட்டு விரிவதற்குள் பூ மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போயாக வேண்டும் என்பதால் இருட்டிலேயே தோட்டத்தில் இறங்கிவிடுவார். கடுங்காப்பியோடு கிளிமெபிரைடைப் போட்டுக்கொள்வார். சோறு பத்து மணிக்குத்தான். நடுவில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார். அவரிடம் சென்சார் இல்லை, சாதாரண குளுக்கோமீட்டர்தான். நடுங்கும்போது குத்திப் பார்த்து, அந்த எண்ணை எங்கள் செவிலியருக்குக் குரல்பதிவாக அனுப்பச் சொன்னோம். முதல் வாரமே 58 வந்தது. மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தோம், நடுக்கம் நின்றது. மாதம் ஒருமுறை மருத்துவமனையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் இதை எங்களுக்குச் சொல்லவே இல்லை. ஆனால் அவர் மெச்சுவது மீட்டரை அல்ல, சாயங்காலம் செவிலியர் போனில் கூப்பிட்டு விசாரிப்பதைத்தான்.

இதற்கு நேர்மாறாக, தினமும் 110, 120 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களாகவே அனுப்பிக்கொண்டிருந்தார் ஒருவர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் பார்த்தால் 9.4, அந்த எண்களுக்குப் பொருந்தாத உயரம். 200 என்று அனுப்பினால் மகள் திட்டுவாராம். அவர் எண்களை அனுப்பும் கைபேசிக் குழுவில் மகளும் இருந்தார். நான்தான் அவரைச் சேர்க்கச் சொல்லியிருந்தேன்.

உங்கள் அப்பாவின் கோபமும் இந்த வகைதான். கோயில் கிடாவெட்டில் ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிட்டதற்கு 200 வந்தால், அது போன் போட்டுக் கேட்கும் விஷயமே இல்லை. நாளில் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட நேரம் அளவு 70 முதல் 180க்குள் இருந்தால் போதுமானது. வயதும் வேறு நோய்களும் கூடியவர்களுக்கு அதையும் தளர்த்துவோம். உங்கள் கைபேசியில் தாழ்வு அலாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள். உயர்வான எண்களை அப்பா பார்க்கட்டும், அவருடைய மருத்துவர் பார்க்கட்டும்.

மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவருக்கு வருடம் முழுக்கச் சென்சார் தேவைப்படுவதில்லை. இரண்டு வாரம் ஒட்டி, என்ன சாப்பிட்டார், எப்போது வயலுக்குப் போனார் என்பதையும் குறித்து எடுத்துச் சென்றால், கிளிமெபிரைடைக் குறைப்பதா மாற்றுவதா என்று மருத்துவர் முடிவு செய்ய வசதியாக இருக்கும். நீங்களாகக் குறைக்க வேண்டாம். அடுத்த முறை வலது கையில் ஒட்டச் சொல்லுங்கள், அப்பா சம்மதித்தால்.