விந்துத் திரவத்தில் ரிலாக்சினுக்கு என்ன வேலை?

கேள்வி: பொலிகாளையின் விந்தில் விந்தணுக்களோடு ஹார்மோன் போன்ற புரதங்களும் இருப்பதாகக் கால்நடை மருத்துவர் சொன்னார். அவை என்ன செய்கின்றன? உறைவிந்துக் குச்சியில் (செயற்கைக் கருவூட்டலுக்காக உறையவைத்த விந்தை அடைத்த மெல்லிய குழாய்) அவற்றைக் கூடுதலாகச் சேர்த்தால் பசு எளிதில் சினைபிடிக்குமா?
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: மருத்துவர் சொன்னது சரியே. விந்துத் திரவம் விந்தணு நீந்துவதற்கான நீர் மட்டுமன்று. அதிலுள்ள சில புரதங்கள் விந்தணுவின் மேலுள்ள ஏற்பிகளில் (செய்தி மூலக்கூறுகளை ஏற்கும் புரதங்கள்) பொருந்தி, அதன் செயல்பாட்டையே மாற்றக்கூடியவை. அவற்றுள் ஒன்று ரிலாக்சின். சினை விலங்குகளின் குருதிநீரைச் சினையற்ற கினிப் பன்றிகளுக்குச் செலுத்தியபோது இடுப்பெலும்பு இணைப்பு தளர்வதை 1926-இல் அமெரிக்க விலங்கியலாளர் ஃபிரெடரிக் ஹிசா கண்டறிந்தார். அதற்குக் காரணமான பொருளே பின்னர் இப்பெயர் பெற்றது. அமைப்பில் இது இன்சுலினுக்கு உறவு. ஈனும் காலத்துக்குரிய பெண் ஹார்மோனாகவே அறியப்பட்ட இதனை ஆண் பன்றியின் விந்துப்பைகளும் சுரக்கின்றன என்பது பிறகு தெரியவந்தது.

ஆய்வகத்தில் பன்றி, காளை ஆகியவற்றின் விந்தணுக்களோடு ரிலாக்சினைச் சேர்த்துப் பார்த்தபோது, உயிரணுவுக்குள் கால்சியமும் சுழற்சி ஏஎம்பி என்னும் செய்தி மூலக்கூறும் கூடி, வால் அசைவு விரைவுபெற்றது. அத்துடன், கருமுட்டையைத் துளைப்பதற்கு விந்தணு அடைய வேண்டிய பக்குவமும், அதன் தலையிலுள்ள நொதிப் பை திறப்பதும் தூண்டப்பட்டன.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பசுவில் சினைப்பருவம் தொடங்கி ஏறத்தாழ 24 முதல் 30 மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளிவருகிறது. அதுவரை விந்தணுக்கள் கருக்குழாயில் உயிரோடு காத்திருக்க வேண்டும். நொதிப் பை முன்னதாகவே திறந்துவிட்ட விந்தணுவால் கருவூட்ட முடியாது. உறையவைத்து உருக்குவதே பல விந்தணுக்களை உரிய காலத்துக்கு முன் பக்குவப்படுத்திவிடுகிறது என்பதால், மேலும் தூண்டுவது நன்மையாகத்தான் முடியும் என்று கொள்வதற்கில்லை.

குச்சியில் இயற்கையான திரவம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மில்லி விந்தில் 100 கோடி விந்தணுக்கள் இருப்பதாகக் கொண்டால், 2 கோடி விந்தணுக்கள் அடங்கிய 0.25 மில்லி குச்சியில் மூல விந்து 0.02 மில்லிதான், மற்றதெல்லாம் முட்டை மஞ்சள் கருவோ வேறு பொருளோ கலந்த நீர்ப்பான், அதாவது விந்தை நீர்க்கச் செய்யும் திரவம். அவ்வாறிருந்தும் பசுக்கள் சினைபிடிக்கின்றன.

எல்லா விலங்குகளிலும் அப்படியன்று. தென் அமெரிக்க லாமா, அல்பாகா ஆகியவற்றில் இணைசேர்ந்தால்தான் கருமுட்டை வெளிவரும். அதைத் தூண்டும் விந்துப் புரதம், நரம்பு வளர்ச்சிக் காரணியே என 2012-இல் உறுதியானது. இது விந்தணுவையன்றி, பெண் விலங்கின் குருதியில் கலந்து மூளைவழி ஹார்மோன் சுரப்பைத் தூண்டுவது வியப்புக்குரியது.

எனவே, ரிலாக்சின் சேர்த்த குச்சியைத் தேட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து உருக்கி, துடைத்து, உடனே செலுத்துகிறார்களா என்று பாருங்கள். காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடச் செய்யுங்கள்.